ச-47

நீல மூடிக் குப்பிகளோடு
சல்லியில் அறுபத்திரண்டு வீடு ஏறி இறங்கினேன்.
எப்படிக் கேட்பது என்று
பயிற்சிப் பட்டறையில் யாரும் சொல்லித்தரவில்லை.
“காலமை வெளிக்குப் போகேக்க
ஒரு சின்னக் கரண்டி, அவ்வளவுதான்” என்றேன்.
பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.
நிமலகாந்தன் வலையிலிருந்து தலை தூக்கவில்லை.
“மீன் கேட்டுத்தான் ஆக்கள் வாறவை.
இதுக்கும் விலை வைக்கலாமோ, தங்கச்சி?”

இரண்டு சவர்க்காரக் கட்டி, ஒரு தேயிலைப் பக்கற். அதுதான் விலை.

கேள்விக்கொத்தில் நாற்பத்தெட்டுக் கேள்வி.
கிழமைக்கு எத்தனை நாள் மீன்? முன்பு எத்தனை நாள்?
‘முன்பு’ என்றதற்கு அவன் கடலைக் காட்டினான்.
தண்ணி சுடுகுது, மீன் ஆழத்துக்குப் போட்டுது,
நாங்களும் பின்னால போறம்,
வீட்டில ரின்மீன் என்றான்.
‘பதப்படுத்திய உணவு, கிழமைக்கு நான்கு’ என்று
கட்டத்துக்குள் எழுதினேன்.

அதே மாதம் புறாத்தீவில்
வெளிறிய பவளத்தின் வழுவழுப்பைப்
பஞ்சில் ஒற்றி எடுத்தோம்.
அதற்குள்ளும் ஊர் உண்டு.
சூடு ஏற, இருந்தவை எழும்பிப் போகின்றன,
வேறு ஏதோ வந்து அந்த இடத்தில் அமர்கிறது.
இடம்பெயர்வு, குடியேற்றம் என்றுதான்
ஆய்வுத்தாளில் எழுதுகிறோம்.
திருகோணமலையில் இருந்துகொண்டு
இந்தச் சொற்களைச் சத்தமாக வாசிப்பதில்லை.

முடிவுகள் திரையில் வண்ணப் பட்டைகளாக வந்தன.
ச-47 இல் ஒரு மெல்லிய ஊதாக் கீற்று.
நகரத்துக் குடல் எதிலும் இல்லாத இனம்.
பேராசிரியர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.
என்னுடையதிலும் தேடினேன். இல்லை.
ச-47 யாரென்று எவருக்கும் தெரியக்கூடாது.
பெயர்ப் பட்டியல் பூட்டிய அலுமாரியில்;
அதை எழுதியவள் நான்.

ஐப்பசியில் கொட்பேயிலிருந்து போன படகு
திரும்பவில்லை. ஐந்து பேர்.

தை பிறந்து இரண்டாம் கிழமை
சாம்பல்தீவு பஸ்ஸில் வந்து இறங்கி
ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றினாள் சுகிர்தமலர்.
“அவர்ட ஏதோ உங்களிட்டக் கிடக்கெண்டு சொன்னவை.”
‘தெரியாது’ என்று சொல்ல விதி இருந்தது.
நான் சொல்லவில்லை.

உறைபெட்டியைத் திறந்தேன்.
வெள்ளைப் புகை அவள் முழங்கால் வரை இறங்கியது.
சுண்டுவிரல் அளவு குப்பி.
“உயிரோடயோ?”
உறங்குது அக்கா, சூடாக்கினால் எழும்பும் என்றேன்.
‘எழும்பும்’ என்றிருக்கக் கூடாது.
“சாப்பாடு குடுக்கிறனீங்களோ?”
இந்தக் குளிரில் ஒன்றும் தின்னாது.
“அவர் பசி தாங்கமாட்டார்” என்றாள்,
ஏதோ நான் மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது போல.

மாதிரியை அழிக்கச் சொல்ல ஒரு படிவம் உண்டு,
வைத்திருக்கச் சொல்லவும் அதே படிவம்தான்.
மூன்று தரம் வாசித்தாள்.
‘இறந்தவருக்கு உறவுமுறை’ என்ற கட்டத்தில் பேனை நின்றது.
வேறு கட்டம் இல்லை.
படிவத்தை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.
“கதவைச் சாத்துங்கோ, குளிர் போகுது.”

ஆய்வுத்தாள் அறுபத்தொரு மாதிரிகளோடு போகிறது.
ஊதாக் கீற்று எங்கே என்று பேராசிரியர் கத்தினார்.
ஒப்புதல் நிலுவையில் என்றேன்.

நேற்றிரவு பத்தரைக்கு மின்சாரம் நின்றது.
ஜெனரேட்டர் அடம்பிடித்ததாம்.
காவலாளிக்கு மூன்று தரம் போன் எடுத்தேன்.
“மைனஸ் அறுபத்தெட்டு, மிஸ்.”
இப்ப?
“அறுபத்தொன்பது.”
இறங்குதோ?
“பொறுங்கோ, பாக்கிறன்.”